பதினோரு மணிக் கடல்

புதுச்சேரியில் கடலைப் பார்ப்பதற்கென்றே வேலையை விட்ட மனிதர் ஒருவர்தான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படி இரண்டு பேரை இந்த ஊர் தாங்காது.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இப்போது அவருக்கே நினைவிருக்குமா தெரியாது. தட்டாஞ்சாவடியில் நாங்கள் வேலை பார்த்த பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ரெத்ரேத்தார். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் எங்கள் ஊரைவிட்டுப் போகாத சொற்களில் ரெத்ரேத் ஒன்று. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதும் ரெத்ரேத்தான். அதற்கு வருகிற பென்ஷனும் ரெத்ரேத்தான். மாதா கோயிலில் மூன்று நாள் வாய் பேசாமல் உட்கார வைத்து நடத்துகிற தியானம் இருக்கிறதே, பழைய ஆட்களுக்கு அதுவும் ரெத்ரேத்தான். இந்த ஒரு சொல் அவர் வீட்டில் பண்ணிய கலவரத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் அந்தக் கம்பெனியில் டீ போடுகிறவள். அங்கே மணி அடிக்கிற வழக்கம் கிடையாது. நான் டீத்தூக்கோடு உள்ளே நுழைந்தால் பதினோரு மணி. மிஷின்கள் நிற்கும், ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். எனக்குப் பேச வராது. கிளாஸை நீட்டுவேன், காலி கிளாஸை வாங்குவேன், அவ்வளவுதான். பேசாதவளிடம்தான் எல்லோரும் பேசுவார்கள் போலிருக்கிறது. அதில் அதிகம் பேசியவர் இவர்.

"டீயம்மா, இந்நேரம் கடலு இன்னா பண்ணிக்கினு இருக்கும்?"

தினமும் முதல் வாய் டீக்கு இந்தக் கேள்விதான். முத்தியால்பேட்டையில் அவர் வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கடல். ஆனால் காலையில் அவர் கிளம்பும்போது கடல் அரைகுறையாக விடிந்திருக்கும், திரும்பும்போது இருட்டியிருக்கும். வேலை நாளில், பதினோரு மணிக்கு, கடல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கெழம போயி பாக்குறது?" என்று வாட்ச்மேன் கேட்பார். வில்லியனூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிற மனிதர். எதிலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் அவருக்கு.

"ஞாயித்துக்கெழம கடலு கூட்டத்துக்காக வேஷம் போட்டுக்கினு நிக்குதுய்யா. யாரும் பாக்காதப்ப எப்பிடி இருக்கும்? அதான் நெசக் கடலு."

சொல்லிவிட்டு கிளாஸைப் பிடித்தபடி வாசலுக்கு அப்பால் பார்ப்பார். அங்கே எதிர்க் கம்பெனியின் தகரச் சுவர்தான் இருக்கும். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே அந்தத் தகரம் கொஞ்சம் அலையடிக்கிற மாதிரி தோன்றும்.

இப்படி இருக்கையில் பிரான்சில் இருந்த அவருடைய பெரியம்மா காலமாகி, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீடு இவருக்கு வந்தது. அதைப் பெரிய கோப்பையில் காபி விற்கிற கடைக்கு வாடகைக்கு விட்டார். சம்பளத்தைவிட வாடகை அதிகம். அன்றைக்கு ஆரம்பித்தது பேச்சு. வேலையை விட வசதி வந்துவிட்டது, விடலாமா வேண்டாமா? டீ நேரம் முழுக்க இதே பட்டிமன்றம்தான்.

"அம்பது வயசுல வூட்ல குந்திக்கினா ஆளு துரு புடிச்சிருவான்யா" என்றார் வாட்ச்மேன்.

"நான் பிளாஸ்டிக்குலயே ஊறனவன். பிளாஸ்டிக்குக்கு ஏதுய்யா துரு?"

ஒருநாள் முடிவு செய்து மனைவி மர்கரீத்திடம் சொன்னார். "ஒண்ணாந் தேதியிலேர்ந்து நான் ரெத்ரேத் போறேன்டி."

மர்கரீத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து பல வருஷமான மனுஷன், தானாகத் தியானத்துக்குப் போகிறேன் என்கிறாரே! உடனே பையில் போர்வை, ஜெபமாலை, டார்ச் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "எப்ப திரும்பி வருவ?" என்று கேட்டிருக்கிறார்.

"திரும்பியா? ரெத்ரேத் போனவன் எங்கடி திரும்பி வருவான்? சாவுற வரைக்கும் ரெத்ரேத்துதான்."

மர்கரீத் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மனுஷன் குடும்பத்தை விட்டுவிட்டுச் சாமியாராகப் போகிறார் என்று சேதி பரவி, யாரோ ஓடிப்போய்ப் பங்குச் சாமியாரையே கூட்டி வந்துவிட்டார்கள். அவர் இவர் தோளில் கை வைத்து, "எந்த மடத்துல சேரப் போறப்பா?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

"மடமா? பீச்சுக்குப் போறேன் சாமி."

தெரு முழுக்கச் சிரித்தது. மர்கரீத் மட்டும் சிரிக்கவில்லை. "சாமியாராப் போனாக்கூட ஒரு மரியாத இருந்திருக்கும்" என்று உள்ளே போய்விட்டார். அன்று ஒட்டியதுதான் ரெத்ரேத்தார் என்கிற பெயர்.

கம்பெனியில் வழியனுப்பு நாள் வந்தது. மாலை வாங்கி வைத்திருந்தோம். அவர் பின்னால் நகர்ந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். "மால மட்டும் வாணாம்ப்பா." அப்போதுதான் சொன்னார். அவருடைய அப்பா மில்லில் வேலை பார்த்து ரெத்ரேத் ஆனவர். மாலை போட்டு ஊர்வலமாக வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மாலை வாடுவதற்குள் இன்னொரு மாலை போடும்படி ஆகிவிட்டது. "சாய்ங்காலமா பீச்சுல போயி ஒக்காரணும்டான்னு சொல்லிக்கினே இருந்தாரு. ஒரு சாய்ங்காலம்கூட கெடைக்கல டீயம்மா." அதைச் சொல்லும்போதும் சிரித்தார். நான்தான் டீத்தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முதலாளி நல்ல மனிதர், அதைவிடப் புத்திசாலி. "ஒரு மாசம் ஒன் மிஷின வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். இருந்து பாரு. ஒத்துவரலன்னா வந்துடு. மாசக் கடேசில சொல்லு. அப்புறம் கேக்கக் கூடாது" என்றார்.

முதல் நாள் பதினோரு மணிக்கு, மர்கரீத்தின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் போய் உட்கார்ந்தாராம். வெயில் கண்ணைக் குத்தியது. கடலே தெரியவில்லை, வெறும் வெளிச்சம்தான். இரண்டு கண்ணையும் மூடி ஒன்றைத் திறந்தபோது வெளியூர் ஜோடி ஒன்று செல்போனை நீட்டியது. ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். குடையோடு நிற்கிற ஆளைப் பார்த்து இன்னொரு ஜோடி வந்தது, பிறகு ஒரு குடும்பம் பாட்டியோடு வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுப்பதிலேயே அன்றைய ரெத்ரேத் முடிந்தது.

மறுநாள் வீட்டிலேயே இருந்து பார்த்தார். பருப்பு டப்பாக்களை உயரப்படி மாற்றி அடுக்கினார். குழம்பில் உப்பு கூட என்றார். துணி உலர்த்துவதற்கு வேறு ஒரு வழி சொன்னார். மர்கரீத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ ரெத்ரேத் போய்ட்ட. எனக்கு யாருய்யா ரெத்ரேத் குடுப்பா?"

அடுத்த நாள் பதினோரு மணிக்கு நான் டீத்தூக்கோடு வந்தால், கேட்டுக்கு வெளியே பூப்போட்ட குடை நிற்கிறது.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வேலையில் இல்லாதவர் வெளியாள் என்பது அவர் சட்டம். கேட்டுக் கம்பி வழியாகவே கிளாஸை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். எல்லோரும் மிஷினுக்குத் திரும்பிய பிறகும் நின்று கடலைப் பற்றிச் சொன்னார்.

"இன்னிக்கு இன்னா கலரு தெரியுமா டீயம்மா? கலர் குருணைய கம்மியாப் போட்டுட்டா பக்கெட்டு வருமே, வெளிறிப் போயி, அந்த நீலம். ஓரத்துல மட்டும் பச்ச."

மறுநாளும் வந்தார். அன்றைக்குக் கடல் அரிசி களைந்த தண்ணீராக இருந்ததாம். இன்னொரு நாள், வாளியை அச்சிலிருந்து எடுத்ததும் ஒரு நிமிஷம் மினுங்குமே, அந்த மினுக்கமாம். அலைகளே இல்லாமல் ஒரு நாள் கடல் தூங்கியதாம், மூச்சு விடுவது மட்டும் தெரிந்ததாம். நான் காலி கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பேன். கிளாஸ் கழுவும்போதும் அதுதான் நினைவு. தொட்டித் தண்ணீரில் கை விட்டால் உப்புக் கரிக்கும்போல இருக்கும். பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான் எனக்கு, ஆனாலும் பதினோரு மணிக் கடலை நானும் பார்த்ததில்லையே. பதினோரு மணி என்றால் நான் டீ.

மாசக் கடைசி வந்தது. முதலாளியே கேட்டுக்கு வந்து நின்றார். ரெத்ரேத்தார் வழக்கம்போல ஆரம்பித்தார், "இன்னிக்கு பதினோரு மணிக் கடலு இருக்கே..."

வாட்ச்மேன் கையைத் தூக்கினார். "யோவ், நில்லு. பதினோரு மணிக்கு தெனம் நீ இங்க நிக்கிற. அப்ப பதினோரு மணிக் கடல எவன்யா பாத்தது?"

எல்லோருக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு சிரித்தார்கள் பாருங்கள், கேட்டே ஆடியது. ரெத்ரேத்தார் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பீச்சுக்குப் போலாம்னுதான் வண்டிய எடுப்பேன்" என்றது குடை. "பதினோரு மணி ஆவும்போது கையி தானா டீ கேக்குது. வண்டி இங்க வந்துடுது."

முதலாளி அவர் தோளைத் தட்டினார். "அதான் தெரிஞ்சிடுச்சே. ஒன்னால இருக்க முடியாதுப்பா. நாளைக்கு மிஷினுக்கு வந்துடு."

குடை மெல்ல இறங்கியது. அவர் முகத்தைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிடப் போகிற முகம். அப்பாவுக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லை என்று சொன்ன அதே முகம். சரி என்று சொல்லிவிட்டால் அடுத்து அவர் வெளியே போவது மாலையோடுதான்.

"நாளையிலேர்ந்து டீ பத்து மணிக்கு" என்றேன்.

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னாம்மா?" என்றார் முதலாளி.

"பத்து மணிக்கு டீ. பதினோரு மணிக்கு அவரு பீச்சுக்குப் போயிடலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். ரெத்ரேத்தார் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "மிஷின வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க மொதலாளி" என்றார். மறுநாள் பத்து மணிக்கு நான் தூக்கோடு நுழைந்தேன், மிஷின்கள் நின்றன. பிறகு அந்தக் கம்பெனியில் பதினோரு மணி என்று ஒன்று வரவே இல்லை.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. போன மாதம் நானும் ரெத்ரேத். மகன் "போதும்மா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் நாளே பதினோரு மணிக்குக் கடற்கரைக்குப் போனேன். தூரத்திலேயே பூப்போட்ட குடை தெரிந்தது. அதன் நிழலில் மர்கரீத்தும் இருந்தார். காலையிலேயே இரண்டு பேருமாகச் சமைத்துவிட்டு, பதினோரு மணிக்கு அடுப்புக்கும் ரெத்ரேத் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்களாம்.

"வாங்க டீயம்மா" என்று ரெத்ரேத்தார் நகர்ந்து இடம் விட்டார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி என் கையில் கொடுத்தார். யாரோ போட்டுக் கொடுத்த டீயை நான் குடித்து எத்தனை காலம்! "சொல்லுங்க, நெசக் கடலு எப்பிடி கீது?" என்றார்.

பார்த்தேன். வெயிலில் கண்தான் கூசியது, கடல் அவ்வளவாகத் தெரியவில்லை. நல்லாக் கீது என்று தலையை ஆட்டினேன். கேட்டுக்கு வெளியே நின்று, பார்க்காமலேயே அவர் சொன்ன கடல் இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. அதை மட்டும் அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.