சவுரி விஷயமாக மைத்துனருக்கு

கோவளம்,
12-9-1974

மதிப்பிற்குரிய மைத்துனர் செங்கல்வராயன் அவர்களுக்கு பூவராகவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. செய்யூரில் தாங்களும் வீட்டாரும் நலமாகவும், தங்கள் தங்கை அம்சா கோபமாகவும் இருப்பீர்கள். நான் இங்கே நலமில்லை. அவளை எப்படியாவது திருப்பி அனுப்பிவையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல், சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு முயல் ரோமம் சாயம் போட்டுக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். வெள்ளைக்காரன் அதை நூலோடு முறுக்கித் தூண்டில் முள்ளில் சுற்றி, ஈ மாதிரி செய்து மீனை ஏமாற்றுவானாம். பக்கத்து வீட்டுத் தாண்டவராயன் வலையைப் பிரித்துக்கொண்டே, "இன்னா அண்ணாத்த, மசுரக் காட்னா வந்து மாட்டிக்கிதா? அந்த ஊரு மீனுக்கு இன்னா பேஜாரு?" என்றான். முதல் ஆர்டரில் 'புளூ டன்' நிறம் என்று போட்டிருந்தது. டன் என்றால் எடை என்று நினைத்து, அத்தனை முயலுக்கு எங்கே போவேன் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு புளூவை மட்டும் எடுத்துக்கொண்டு, வேட்டிக்குப் போடும் நீலத்தைக் குழம்புச் சட்டியில் கொதிக்க வைத்தேன். ரோமத்தில் திட்டுத்திட்டாகவும் என் கையில் முழங்கை வரைக்கும் நீலம் பிடித்தது. கம்பெனி அதைத் திருப்பி அனுப்பி, புளூ டன் என்றால் சாம்பல் நிறம் என்று எழுதியது.

சாம்பலுக்கு வெள்ளையும் கறுப்பும் கலக்க வேண்டும். செங்கல்பட்டில் வாங்கிய கறுப்புச் சாயம் காய்ந்ததும் பச்சையாகிவிட்டது. மறுநாள் சரக்கு போயாக வேண்டும். அப்போதுதான் அலமாரியில், அம்சா பின்னலோடு சேர்த்து முடியும் சவுரி கண்ணில் பட்டது. பாதியை வெட்டிப் பொடியாக நறுக்கி, வெள்ளை ரோமத்தோடு இரண்டு பேன் சீப்புக்கு நடுவே இழுத்து இழுத்துக் கலந்தேன். மழைக்கு முந்தைய முட்டுக்காட்டுக் கழித் தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் வந்தது; மறுநாளே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். என் ஆயுளில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஞாயிறன்று திருப்போரூர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவள் சவுரியை எடுத்தாள். எலி என்று சொல்லிப் பார்த்தேன். எலி அவ்வளவு நேராகக் கத்தரிக்காது; உண்மையைச் சொல்லிவிட்டேன். "டைபாய்டுல கொட்டிச்சே, அந்த முடிய்யா இது. ஒவ்வொண்ணா பொறுக்கி சேத்து வெச்சிகினு இருந்தேன். அத்தப் போயி மீனுக்குப் போட்டுட்டியே," என்றாள். சத்தமே போடவில்லை. மீதியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு செய்யூர் பஸ் ஏறிவிட்டாள். கடையில் வாங்கிய சவுரி என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், மச்சான். இதை அவளிடம் சொன்னால் இன்னும் கோபம் வரும்.

அவள் இல்லாமல் வூடு வூடாக இல்லை. இருந்த ரோமத்தையெல்லாம் கடலில் கொட்டிவிட்டேன். இனிமேல் அந்த வேலை இல்லை என்று திருப்போரூர் கந்தசாமி மேல் ஆணையாக எழுதித் தருகிறேன். தங்கள் வயலில் நெல்லும் மணிலாக்கொட்டையும் குறைவில்லாமல் விளையட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
பூவராகவன்

பி.கு.: இதை ஒட்டப்போகும் நேரத்தில் கம்பெனிக் கடிதம் வந்தது. அந்தச் சாம்பல் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அதே நிறத்தில் இன்னும் கால் பவுண்டு வேண்டுமாம். ஆகையால் அம்சா புறப்படும்போது மீதிச் சவுரியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லவும். எதற்கு என்று கேட்டால், அவள் தலை பின்னிப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது என்று சொல்லவும்.