வழியனுப்ப வந்த விமான நிலையம்

உலகிலேயே அதிகமாக ஆகாயத்தில் பறக்கிறவர்கள் லண்டன்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உடனே திருத்திக்கொள்ளவும். அந்தப் பெருமை விருத்தாசலம் பீங்கான் பட்டறைத் தெருவுக்கு உரியது. எண்பது பக்க அறிக்கை இருக்கிறது. வண்ணப் படம்கூட இருக்கிறது.

இந்தப் பெருமைக்குக் கடைக்கால் போட்டவர் விருத்தகிரி. மின்சாரப் பெட்டிக்கான பீங்கான் ஃபியூஸ் கேரியர் சுடும் பட்டறை, ஒரு சூளை, எட்டு வேலையாட்கள். மூத்த மகன் தமிழ்ச்செல்வன் சிங்கப்பூரில். இளையவன் அன்புச்செல்வன் சூளையைப் பார்த்துக்கொண்டான். இவனையாவது கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விருத்தகிரி வாழ்க்கையில் தீட்டிய ஒரே திட்டம்.

'வருங்கால வான்பயணத் தேவைக் கணிப்புக் குழு'விலிருந்து துர்கா என்ற நிபுணர் டேப்லெட்டும் கையுமாக வந்தார். ஐந்து வருடத்தில் இந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் விமான நிலையம் போனார்கள் என்று விசாரித்தார்.

இந்த ஊரில் ஒருவன் வெளிநாடு போனால் ஒரு வேன் கிளம்பும். அத்தை, மாமன், மாமனின் சம்பந்தி, புளிசோற்று அண்டா எல்லாம் ஏறும். வேப்பூரில் டீ, திருச்சியில் அழுகை. திரும்பி வந்தாலும் அதே வேன், அதே அண்டா. தனியாக அனுப்பினால் நாதியற்ற பிள்ளை என்று தெரு பேசும். ஆகவே விருத்தகிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாருந்தாங்க. தடவைக்குப் பதினெட்டு பேரு. நாலு தடவ போனோம்."

துர்கா பக்தியோடு எழுபத்திரண்டு என்று பதிந்தார். எதிர்வீட்டுக் கொளஞ்சியப்பன் விடுவாரா? இரண்டு கைக்குழந்தைகளையும் வேன் டிரைவரையும் சேர்த்துத் தொண்ணூறு சொன்னார். தெருக்கோடிக்குப் போவதற்குள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

குழு அசந்துபோனது. 'இத்தேவையைப் புறக்கணிப்பது தேசத்துக்கு இழைக்கும் துரோகம்' என்று எழுதி, இரண்டு ஓடுபாதைகளை வரைந்தது. அதில் ஒன்று, பொறியியலின் அபாரத் துல்லியத்தோடு, விருத்தகிரியின் சூளைமேல் போய் முடிந்தது.

கல்யாண மண்டபத்தில் 'மக்கள் கருத்துக் கேட்பு' நடந்தது. கேசரி கொடுத்தார்கள். விருத்தகிரி அதைத் தொடாமல் எழுந்து, மேடையிலிருந்த துர்காவிடம் சொன்னார்.

"அம்மா, நாங்க யாரும் ஏறலீங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு கைய ஆட்டிட்டு வந்தோம். எம் மவன் ஒருத்தந்தான் பறந்தான்."

"எழுபத்திரண்டு பேரு போனது உண்மைதானே ஐயா?"

"உண்மைதாங்க."

"அப்ப கணக்கு சரி."

ஆனாலும் குழு ஈரமில்லாததல்ல. அவர் சொன்னதை ஆறு மாதம் ஆராய்ந்து, திட்டத்தைத் திருத்தியது. பறப்பவர் குறைவு என்பதால் ஓடுபாதைகள் 'இரண்டாம் கட்ட'த்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன. கையாட்டுபவர் அதிகம் என்பதால் முதல் கட்டமாக, ஐயாயிரம் பேர் நிற்கும் குளிரூட்டப்பட்ட 'வழியனுப்புவோர் மண்டபம்', புளிசோறு பிரிக்கத் தனிக்கூடம், வேன் நிறுத்துமிடம். நிறுத்துமிடத்துக்குச் சமதளம் தேவை. சூளை இடிக்கப்பட்டது. ஒரு செங்கல்லும் வீணாகவில்லை. எல்லாவற்றையும் போட்டுத்தான் பள்ளத்தை நிரவினார்கள்.

நான்கு மாதம் கழித்து அதே தெருவிலிருந்து ஒரு வேன் திருச்சிக்குக் கிளம்பியது. நம் ஊர் விமான நிலையத்தில் இன்னும் விமானம் ஒன்றுதான் பாக்கி என்பதால் இந்தச் சிறு சிரமம். சார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்த அன்புச்செல்வன், பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனான். அவன் அம்மா ராஜாம்பாள் அழுதாள். விருத்தகிரி கையைத் தூக்கினார், ஆட்ட வரவில்லை.

பக்கத்தில் டேப்லெட்டோடு துர்கா நின்றார். மறுகணிப்பாம்.

"ஐயா, எங்க அறிக்கையில சொன்ன மாதிரி தேவை கூடியிருக்குதுங்களா?"

"கூடிருச்சுங்க, ரெண்டு மடங்கு. முன்ன எங்க வூட்டுல ஒருத்தந்தான் பறந்தான். சூளைய இடிச்சு மத்தவனையும் பறக்க வெச்சிட்டீங்க. எழுதிக்குங்க."