கண்ணுச்சாமி இறங்காத வண்டி

என் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கை என் மனைவி தொடக் கூடாது. இது நான் எடுத்த முடிவு. கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில் நானாக எடுத்த முடிவு இது ஒன்றுதான். அதனால் இதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம்.

இன்றைக்கு என்ன குழம்பு, பெருநாளைக்கு எனக்கு என்ன கலர் சட்டை, விருந்தாளி முன்னால் நான் எவ்வளவு சிரிக்கலாம், எல்லாம் ஆசியா பீவியின் இலாகா. சிவகாசியில் அட்டைப்பெட்டி ஏற்றி ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவது என் இலாகா. அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால்தான் நான் யாகூப். மற்ற இடங்களில் ஆசியாவின் வீட்டுக்காரர்.

அவள் சும்மா இருக்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டாள். சீசன் லோடைத் தானும் ஓட்டுவதாகவும், நான் ஒருநாள் விட்டு ஒருநாள் ரெஸ்ட் எடுக்கலாம் என்றும் பிரியமாகச் சொன்னாள். அந்தப் பிரியம்தான் என்னைக் கலக்கியது. ரெஸ்ட் எடுக்கச் சொல்லித்தான் எந்த மந்திரியையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் பேயை வரவழைத்தேன்.

வண்டிக் கதவில் பழைய ஓனர் பேர் மங்கலாக இருக்கும். கண்ணுச்சாமி. புரோக்கர் மூலம் வாங்கியதால் ஆளை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஆளைச் சாகடிப்பது சுலபம்.

"தாயில்பட்டி தாண்டி ஒரு கம்பெனி மூடிக் கிடக்குல்ல, அதுக்கு நேரா வரும்போதுதான் அந்தாளுக்கு நெஞ்சை அடைச்சிருக்கு. ஸ்டியரிங்கைப் பிடிச்ச பிடியிலயே போயிட்டாரு. இன்னும் எறங்கல" என்றேன்.

அந்த இடத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என்றைக்கோ நடந்த வெடிவிபத்தில் பல பேர் போய், அங்கே சுவர்கள்தான் மிச்சம். ஒரு வேப்பமரம் பாதி கருகி, மறுபாதி தளிர்த்து நிற்கும். அங்கன வந்தால் பஸ்ஸோ லாரியோ எல்லா டிரைவரும் பாட்டை அணைத்து, வேகத்தைக் குறைத்து, ஹார்ன் அடிக்காமல் கடப்பார்கள். யாரும் சொல்லி வந்த பழக்கம் இல்லை.

ஆசியா என்னையே பார்த்தாள். "அந்த எடத்தை வெச்சா சொல்றீக?"

"நடந்ததைச் சொல்றேன்."

"பாவம் கண்ணுச்சாமி அண்ணன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். வெற்றி இவ்வளவு லேசாகக் கிடைத்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் அந்த ரோட்டில் தனியாக வந்தேன். இருபுறமும் காய்ந்த காடு. ஆள் இல்லை, மாடு இல்லை, காக்கைகூட இல்லை. தூரத்தில் வேப்பமரம் தெரிந்ததும், நான் கட்டிய கதை எனக்கே ஞாபகம் வந்து தொலைத்தது. சீக்கிரம் கடந்துவிடலாம் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். சின்னப் பாலத்தில் வண்டி ஏறி இறங்கியது.

அவ்வளவுதான். ஸ்டியரிங் என் கையை உதறியது.

உதறியது என்றால் சாதாரண உதறல் இல்லை. எதிரே யாரோ உட்கார்ந்து, இது என் வண்டி என்று பிடுங்குகிற மாதிரி இடமும் வலமும் இழுத்தது. முன்பக்கம் முழுக்க வெடவெடவென்று ஆடியது. பக்கத்து சீட்டின் பெல்ட் தானாக எழுந்து எழுந்து விழுந்தது. காலை எடுத்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. வண்டி நின்ற இடம் மூடிக் கிடந்த கம்பெனி கேட். பக்கக் கண்ணாடியில் அந்தப் பேர் இடவலம் மாறித் தெரிந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அடுத்த நாளும் அதே இடம், அதே உதறல். அன்றைக்கு இன்னும் பலமாக மிதித்திருந்தேன். இன்னும் பலமாக உதறியது. மற்ற ரோட்டில் எல்லாம் வண்டி பச்சைப் பிள்ளை மாதிரி போனது.

டயரை மாற்றினேன். வீல் பேலன்ஸ் பார்த்தேன். அலைன்மென்ட் பார்த்தேன். பட்டறைக்காரர் அய்யப்பன் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்றார். கோளாறு இருப்பதாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இதற்குள் விஷயம் நான் லோடு இறக்கும் கம்பெனியின் வாட்ச்மேன் ராஜபாண்டியன் காதுக்குப் போய்விட்டது. "ஆடுற வண்டியக் கேட்டுக்குள்ள விட மாட்டேன் பாய். உள்ள இருக்கிறது வெடிமருந்து. சரி பண்ணிட்டு வாங்க, இல்லேன்னா லோடை வேற வண்டிக்குக் குடுக்கச் சொல்லிருவாக" என்றார். தீபாவளி சீசன் போனால் என் வருஷமே போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஆசியாவிடம் போய், கண்ணுச்சாமி வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார் என்றேன். அவள் பதறவில்லை. டாக்டர் மாதிரி விசாரித்தாள்.

"பாலத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"எம்புட்டு வேகத்துல?"

"பேய்க்கு வேகம் எதுக்கு புள்ள?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க. காலை எடுத்தா நிக்குதா?"

"நிக்குது."

பேயை இவ்வளவு விவரமாக யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. தன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு இந்த மாதிரி சங்கதியெல்லாம் அத்துப்படி என்றும், கேட்டு வைப்பதாகவும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும், வண்டியை வீட்டுக்குப் பின்னால் பொட்டலில் நிறுத்தி என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். இன்ஜினைப் போடக் கூடாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த குர்ஆன் சூராக்களை ஓதிக்கொண்டே ஸ்டியரிங்கை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்ப வேண்டும். என்ன சத்தம் கேட்டாலும் கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதற்கு அவள் பொறுப்பில்லை.

ஓதினேன். திருப்பினேன். காற்று நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் என் காலுக்கு அடியில், டக். மறுபடி திருப்பினேன். டக். இடப்பக்கம் திருப்பினால் ஒன்று, வலப்பக்கம் திருப்பினால் ஒன்று. கேட்ட கேள்விக்குப் பதில் மாதிரி வந்தது.

"ஆசியா" என்றேன்.

அப்போதுதான் வண்டிக்கு அடியிலிருந்து யாரோ இருமினார்கள். வயசான ஆம்பளை இருமல். நெஞ்சுச் சளியோடு, நீளமாக. எனக்கு ஓதிக்கொண்டிருந்த சூரா பாதியில் மறந்துபோய், ஆரம்பத்துக்கும் வழி தெரியாமல் நடுவில் நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து ஆசியாவின் குரல் பக்கத்தில் கேட்டது. கண்ணைத் திறந்தால் அவள் மட்டும்தான் நின்றாள். முந்தானையில் மண்.

"கேட்டுட்டேன். பொய் சொல்ற ஆளு ஓட்டினா ஆட்டுவாராம். சாவியக் குடுங்க."

கொடுத்தேன். கொடுத்தேன் என்பதைவிட, சாவி என் கையிலிருந்து ஓடியது என்பதுதான் பொருத்தம். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பினாள்.

மறுநாள் முதல் லோடு. டிரைவர் சீட்டில் ஆசியா. இடப்பக்கம் நான், கட்டுக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு. தாயில்பட்டி தாண்டியது. வேப்பமரம் தெரிந்தது. அவள் பாட்டை அணைத்தாள், வேகத்தைக் குறைத்தாள், உதட்டுக்குள் அந்தச் சனங்களுக்காக துஆ கேட்டாள். பாலத்தில் வண்டி ஏறி இறங்கியது. ஒரு அசைவு இல்லை.

மூடிக் கிடந்த கேட்டுக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அந்த உச்சி வெயிலில் அவர் நிழல்கூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. கையை நீட்டினார். நிறுத்தாதே என்று அவள் முந்தானையை இழுத்தேன். ஆசியா நிறுத்தினாள். பெரியவர் என் பக்கத்துக் கதவைத் திறந்து, அதில் இருந்த பேரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, என்னை நடுவில் தள்ளி ஏறி உட்கார்ந்தார். இருமினார்.

அதே இருமல்.

"அடியில படுத்துப் பாத்து, தேஞ்ச சக்கரத்து மூட்டுக்குப் புதுசு போட்டமே, ஆட்டம் நின்னுருச்சா தாயி?" என்றார்.

"நின்னுருச்சு வாத்தியாரே. இவுகளும் எல்லாரையும் போல இங்கன பாலத்துல மெதுவா ஏறி எறங்கியிருந்தா ஆட்டமே வந்திருக்காது. தன் கதைக்குத் தானே பயந்து மிதிச்சிருக்காக."

நான் கட்டுக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் தொடையில் அன்பாகத் தட்டினார்.

"நாந்தான் கண்ணுச்சாமி. என்னை எந்த எடத்துல சாகடிச்சீக பாய்? காட்டுங்க, பாத்து வெச்சுக்கிறேன்."