என் மேனி பொன்னான கதை

எதையும் அளவோடு செய்கிற ஆள் என்று வெளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் நான் எதையும் குறைத்துக்கொள்வதில்லை, எழுதி மட்டும் வைப்பேன். 'பப்பாளி, முழுசு, ஒன்று' என்று டைரியில் ஏறிவிட்டால் அளவோடு தின்றதாகவே எனக்குத் தோன்றும்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சுரங்கத்தில் வேலை பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தது. சேத்தியாத்தோப்பில் செல்வி என்று ஒரு பெண், பண்ருட்டியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று அம்மா போட்டோ காட்டினார். ஒரே ஒரு தடவை பார்த்தேன். (சரி, ஆறு தடவை. டைரியில் இருக்கிறது.) ஆடி கழிந்துதான் பெண் பார்ப்பது என்று பேச்சு.

கேன்டீன் மெதுவடையால் வளர்ந்த உடம்பை அதற்குள் சீராக்க நினைத்தேன். கையில் கிடைத்த ஒரு புத்தகம், இயற்கை உணவு உண்டால் மேனி பொன்னாகும் என்றது. விடிந்ததும் கீழாநெல்லிச் சாறு, பிறகு இரண்டு டம்ளர் கேரட் சாறு, மதியம் பப்பாளி, இரவு பரங்கிக்காய். பலன் இல்லாமல் இல்லை. மூச்சு வாங்காமல் மாடி ஏறினேன். படுத்ததும் தூக்கம் வந்தது. தூக்கம் முழுக்கக் கனவு வந்தது.

ஒரு நாள் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய விடியல். இருபுறமும் மரங்கள், நடுவே லேசான காற்று, சைக்கிள் தரையில் படாமல் மிதப்பது போல ஓடியது. ஹேண்டில்பாரில் இருந்த என் கைகளைப் பார்த்தேன். பொன்னாக மின்னின! புத்தகம் பலித்துவிட்டது.

"என்னடா, மஞ்சப்பொடி டப்பாவுல கைய விட்டியா?" என்றார் அம்மா.

"தேஜஸ்மா."

ஆவணியில் சேத்தியாத்தோப்பு போனோம். செல்வி தட்டை நீட்டினார். கேசரியும் என் கையும் ஒரே நிறம். அவருடைய தாய்மாமன் என் கையையே பார்த்தார்.

"பஜ்ஜி எடுத்துக்கங்க மாப்ள."

"எண்ணெய்ப் பலகாரம் தொடறதில்லைங்க."

"ஓ. கீழாநெல்லி ஏதாவது குடிக்கிறீங்களோ?"

"தினமும், வெறும் வயித்துல!" என்றேன் பெருமையாக.

அவர் எழுந்துவிட்டார். "காமாலைய மறைச்சிகினு பொண்ணு கேக்க வந்துட்டீங்களே! நல்லா இருக்குங்க நியாயம்!"

"ஐயோ, கேரட்டுங்க, வெறும் கேரட்டுங்க!" என்று அம்மா கை கூப்பினார்.

சம்பந்தம் கை நழுவுவது தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சாட்சியம் பையில் இருந்தது. டைரியை எடுத்து மாமாவிடம் நீட்டினேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.) அவர் சத்தமாகப் படித்தார்.

"கேரட் எட்டு. பப்பாளி ஒண்ணு. பரங்கிக்கா ஒரு கீத்து..." பக்கத்தைப் புரட்டினார். "கனவு. ஒரு பெரிய குளம். தண்ணிக்குப் பதிலா சாம்பார். நடுவுல மெதுவடை மிதக்குது. கரையில செல்வி கையசைக்கிறார். நான் நீந்திப் போய் வடையைப் பிடித்தேன்."

முதலில் சிரித்தது செல்விதான். அருகில் வந்து என் கண்களைப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு மாமா. காமாலைன்னா கண்ணும் மஞ்சளாவும். எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வரட்டும், பதில் சொல்லலாம்."

மறுநாளே பண்ருட்டி போனேன். செல்வி முதன்முதலில் என் கையைப் பிடித்தது ஊசியோடுதான். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது.

"நல்ல சாப்பாடுதான். அதுக்காக அந்த நாலு அயிட்டத்தையே தின்னுகினு இருப்பீங்களா? கீரை, கேழ்வரகு, பயறு, மீனு, எல்லாத்துலயும் கொஞ்சம் சாப்புடுங்க. ஆசைக்கு எப்பவாவது ஒரு வடை" என்றார். அதுதான் சம்மதம் என்பது எனக்கு பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது.

நலங்கில் மாமா, "இவருக்கு மஞ்ச வேணாம், ஏற்கெனவே பூசித்தான் வந்துருக்காரு" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டுச் சாப்பாடு செல்வி சொன்ன அந்தப் பட்டியல்தான். என் உடம்புக்கும் குறையில்லை. காலையில் கேழ்வரகுக் கூழை நீட்டும்போது மட்டும் அவர் தவறாமல் கேட்பார்: "நேத்து கனவுல யாரைப் புடிச்சீங்க? என்னையா, வடையையா?"

"உன்னைத்தான்" என்பேன் உடனே.

அதன் பிறகு அவர் டைரி எங்கே என்று தேடுவார். நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பேன்.