பாராசூட் அண்ணன் பறந்த உயரம்

காஞ்சிபுரத்தில் பாராசூட் அண்ணன் அளவுக்கு ஆகாயத்தைக் காதலித்த மனிதர் கிடையாது. ஆகாயம்தான் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிறவர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் தெரு தபால்காரரே முழிப்பார். தறிக் கம்பத்தில் செல்போனைக் கட்டிவைத்துக்கொண்டு, எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் மலை உச்சியிலிருந்து குதிப்பதைப் பார்த்தபடியே நெய்வார். அவன் குதிக்கும்போது இவருடைய காலும் மிதியை விட்டு எழும்பிவிடும். நெசவில் ஓர் இழை தப்பும்.

"இன்னாண்ணா உனக்கு இந்த வெறி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைல தறிக்குழில எறக்குன காலு சாயங்காலம்தான்பா வெளிய வருது. சாவறதுக்குள்ள இந்த ரெண்டு காலயும் ஒரு தபா ஆகாசத்துல தொங்க உட்டுப் பாக்கணும். அவ்ளோதான்."

நியாயமான ஆசையாகப் பட்டது. அதில்தான் நானும் மணியும் மாட்டினோம். நான் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். மணி, நூல் மூட்டை ஏற்றும் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவன். அமாவாசையன்று தறி ஓடாது, சாயப் பட்டறை மூடியிருக்கும், மணிக்கும் லோடு கிடைக்காது. ஆகவே எங்கள் வீரசாகசங்கள் எல்லாமே அமாவாசையில்தான். முன்னோருக்குப் படையல் போடுகிற நாளில் நாங்களும் முன்னோர் ஆகிவிடுவோமோ என்று வீட்டுப் பெண்கள் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

முதலில் ஏலகிரி போனோம். அங்கே ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குக் கம்பி கட்டி, ஆளைத் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள். எங்கள் எடைக்கு நானும் மணியும் ஜிவ்வென்று போய்ச் சேர்ந்துவிட்டோம். அண்ணன் ஒல்லி. பாவு நூலுக்குப் பக்கத்தில் நின்றால் எது நூல் என்று தேட வேண்டும். பாதிக் கம்பியில் நின்றுவிட்டார்.

"சார், பயப்படாதீங்க, கயிறு போட்டு இழுத்துடறோம்!" என்று அங்கிருந்த ஊழியர் கத்தினார்.

"அவசரம் இல்ல தம்பி! சாப்ட்டுட்டே வா!"

ஒருவழியாக இழுத்துச் சேர்த்ததும் மணி ஆசையாகக் கேட்டான். "எப்டிண்ணா இருந்துச்சு? இன்னா தெரிஞ்சுது?"

"தெர்லபா. கண்ண மூடிக்கினு இருந்தேன்."

"ஏண்ணா?"

"தொறந்தா கீழ பள்ளம் தெரியுது. பள்ளத்தப் பாக்க ஏலகிரி எதுக்கு? என் ஊட்லயே இருக்குது."

ஆகையால் அது கணக்கில் சேராது என்று தீர்ப்பாகிவிட்டது. தரையிலிருந்து மேலே போவதுதான் பறப்பது என்றார். கடலில் ஒரு படகு இழுக்க, பாராசூட்டில் ஒருவன் மேலே எழும்பும் வீடியோவைக் காட்டினார். கடலுக்குப் பதில் முசரவாக்கம் பக்கம் ஒரு காய்ந்த ஏரி. படகுக்குப் பதில் மணியின் குட்டி யானை.

"பாராசூட்டுக்கு எங்கண்ணா போறது?"

"தச்சுட்டேன்பா. பட்டுல."

"பட்டுலயா!"

"மத்த துணிலாம் கீஞ்சிரும். இது கரையும் ஒடம்பும் கோத்து நெய்ஞ்ச பொடவ. ஆன இழுத்தாலும் பிரியாது."

பாராசூட் லேசாக இருக்க வேண்டும் என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் பிறந்தவனுக்குக் கனமான பட்டுதான் நல்ல பட்டு. முதலாளி கழித்துவிட்ட டேமேஜ் புடவைகளைப் பக்கம் பக்கமாக வைத்து நூலோட்டியிருந்தார். வெட்ட மனசு வராமல் ஜரிகைக் கரையெல்லாம் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த அரக்குப் புடவையில் மட்டும் டேமேஜே இல்லை. அந்தச் சாயம் நான் போட்டது, எனக்குத் தெரியாதா?

"அண்ணா, இது அண்ணியோட முகூர்த்தப் பொடவ!"

"ஒன்னு கொறஞ்சுதுபா. அவ படையலுக்குக் கூரத்துல அம்மா ஊட்டுக்குப் போயிக்கிறா. வர்றதுக்குள்ள பிரிச்சு, மடிச்சு, பீரோல வெச்சிரலாம்."

"கீஞ்சா?"

அப்போதுதான் அண்ணனின் முகம் வெளுத்தது. "எங்க கண்ணாலத்துக்கு நானே நெய்ஞ்சதுபா அது. கீஞ்சா அவ மூஞ்சில முழிக்க முடியாது."

ஆனாலும் விடவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். வண்டியின் பின்கதவில் மணியின் செல்போனைக் கட்டி வீடியோ எடுக்க ஓடவிட்டோம். மணி வண்டியைக் கிளப்ப, இடுப்பில் வண்டிக் கயிறும் கையில் பட்டின் முனைகளுமாக அண்ணன் ஓட, நான் பட்டைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஓடினேன். காற்று புகுந்து புடவைகள் எல்லாம் ஒன்றாக உப்பின. அண்ணனின் கால் தரையை விட்டது.

"மணீ! காலு தொங்குதுபா! காலு தொங்குது!"

வெயிலில் அத்தனை ஜரிகையும் மின்னியது. அப்படி ஓர் அழகை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை.

மணி சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தான். மறுபடி முன்னால் பார்த்தபோது கரையோரம் முழுக்க வேலிகாத்தான் முள். பிரேக்கை மிதித்தான். கயிறு தொய்ந்தது. காற்று பட்டை முள் பக்கமாகத் தள்ளியது.

பட்டை விட்டுவிட்டு மணலில் உருண்டிருந்தால் அண்ணனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் அதைச் செய்யவில்லை. கால் தரையில் பட்டதுமே அத்தனை புடவையையும் நெஞ்சோடு வாரிக் கட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பி முள்ளுக்குள் போய் விழுந்தார்.

பட்டில் ஓர் இழைகூடப் போகவில்லை. முதுகில் முள் ஏறாத இடமே இல்லை.

வீட்டுக்குப் போனால் அண்ணி முன்னமே வந்துவிட்டார். வழியிலேயே நூல் பிரித்து என் கையில் வைத்திருந்த அரக்குப் புடவையை வாங்கி, வெளிச்சத்தில் விரித்து, முழுக்கப் பார்த்தார். மடித்துப் பீரோவில் வைத்தார். பிறகு ஊக்கோடு வந்து அண்ணன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு திட்டு விழுந்தது. பாதி முதுகு முடிந்ததும் கேட்டார்.

"எம்மாம் ஒசரம் போனீங்க?"

"தென்ன மரம் ஒசரம் இருக்கும்."

அண்ணி எங்களைப் பார்த்தார். "மெய்யாலுமா மணி?"

என் முழங்கால் உயரம். தாராள மனசோடு அளந்தால் தொடை. மணி செல்போனைப் பையின் அடிக்குத் தள்ளினான்.

"தென்ன மரத்துக்கும் மேல அண்ணி. வீடியோ எடுக்கறதுக்குள்ள சார்ஜ் எறங்கிருச்சு."

"சாமி மேல சத்தியமா?" என்று அண்ணி என்னிடம் திரும்பினார்.

அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரநாதர் மேலேயே சத்தியம் பண்ணினேன். பாராசூட் அண்ணனுக்காக இன்னொரு தடவை கேட்டாலும் பண்ணுவேன்.