கதவு செய்தவளின் தகப்பன் எழுதிக்கொள்வது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் உங்கள் மரக்கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் மகளும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. அவள் வேலை பார்த்த கேம் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆறு வருடம், நாற்பத்து மூன்று பேர், ஒரே ஒரு விளையாட்டு, அதையும் யாரும் வாங்கவில்லை.

நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "வெளையாடுறதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்றீர்கள். அவள் விளையாடவில்லை மச்சான், கதவு செய்தாள். ஆளில்லாத ஒரு பெரிய ஹோட்டலில் ஒரு பெண் தன் தம்பியைத் தேடிப் போகிறாள், அதுதான் கதை. அந்த ஹோட்டலில் முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள், அத்தனையும் நம் பெண் செய்தவை. அதற்கும், "கையால தொட முடியாத கதவுக்குக் கீல் எதுக்கு மாப்ளே?" என்று கேட்டீர்கள். கீல் இல்லாமல் எப்படித் திறக்கும்? எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் கிரீச்சைத்தான் அவள் பதிவு செய்து நாலாவது மாடி முழுக்கப் போட்டாள். சத்தம் மாறிவிடக் கூடாதென்று இரண்டு வருடம் அந்தக் கீலுக்கு எண்ணெய் விட யாரையும் விடவில்லை. உங்கள் தங்கை குளிக்கப் போனால் தெருவுக்கே தெரியும்.

அவளுடைய ஆபீசில் ஆளுக்கொரு வேலை. தலைமுடி மட்டும் செய்கிற ஒருவர், தண்ணீர் மட்டும் செய்கிற ஒருவர். இந்தத் தண்ணீர்க்காரர் குளியல்தொட்டி நிரம்புவதற்கே ஒரு வருடம் எடுத்துக்கொண்டாராம். விளையாட்டு வெளியாகும்போது, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஆளுக்கு ஐம்பது இலவச எண்கள் அச்சடித்த தாள் ஒன்று தந்தார்கள். ஓர் எண்ணைப் போட்டால் ஒருவருக்கு விளையாட்டு காசில்லாமல் திறக்கும், இணையதளத்தில் ஒரு கருத்தும் எழுதலாம். எங்கள் தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் ஒன்பது பேருக்கு நானே எண் அனுப்பினேன். அதில் ஒன்று உங்களுக்கு. நீங்கள் இன்றுவரை திறக்கவில்லை என்பது தெரியும், மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

வெளியான அன்று சாயங்காலம் அவள் வந்து சாப்பிட உட்கார்ந்தாள், தட்டைத் தள்ளிவிட்டாள். விளையாட்டு விற்கும் இணையதளத்தில் மூன்றே மூன்று பேர் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர் நன்று என்றார், ஒருவர் தூக்கம் வந்தது என்றார், மூன்றாமவர் கதவுகள் அதிகம் என்றார். அந்த மூன்றாவதை அவள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பெற்றவன் எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான், சொல்லுங்கள்.

பிறகு நடந்ததுதான் அக்கிரமம். எவனோ ஒரு புண்ணியவான் அந்த இணையதளத்தில் நாற்பத்தொரு பெயர்களில் நாற்பத்தொரு பாராட்டுகளை எழுதிவிட்டான். "நான் அறிந்தவரை இவ்விளையாட்டின் நடத்தையும் ஒழுக்கமும் நன்று" என்று ஒன்று. "இது எவ்விதத் தீய பழக்கத்திற்கும் ஆட்பட்டதில்லை" என்று இன்னொன்று. "இதன் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்" என்று பதினைந்து இருபது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பள்ளி அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் நடத்தைச் சான்று எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், நடையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊரே சிரித்தது. நாற்பத்தொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டார்கள். பாராட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கிய கம்பெனி என்று பட்டம் கட்டினார்கள். இணையதளம் விசாரணை என்று சொல்லிப் பதினோரு நாள் விற்பனையை நிறுத்தியது. விற்க வேண்டிய பதினோரு நாளும் அதுதான். பணம் போட்டவர் கையை உதறிவிட்டார்.

நம் பெண்ணை மட்டும் மற்றவர்களுக்கு ஆறு வாரம் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்டால், "விடுங்கப்பா" என்பதோடு சரி. நல்லவர்களை முதலில் அனுப்புவதுதான் இந்தக் காலத்து வழக்கம் என்று உங்கள் தங்கையிடம் சொல்லி வைத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் ஒரே அறையில் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்களாம். தலைமுடிக்காரருக்குப் போன வருடம்தான் இரட்டைக் குழந்தை. இவள் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்தால் எழுந்திருப்பதில்லை. குளிக்கப் போனால் அந்தக் கிரீச் கேட்கிறது, அப்போதுதான் வீட்டில் அவள் இருப்பதே தெரிகிறது. அந்தப் பாராட்டுக்காரன் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஆகவே மச்சான், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உங்கள் கடையிலும் விற்பது கதவுதான். அவளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கதவு அனுபவம் இருக்கிறது. மரம் தொட்டதில்லை என்பது ஒன்றுதான் குறை, பழகிக்கொள்வாள். ஒரு மேசை நாற்காலி கொடுத்து உட்கார வையுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். அனைவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: காலையில் எழுதிய இந்தக் கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. ஒட்டாததும் நல்லதுதான். மேலே எழுதியதில் எங்கள் முழங்காலைத் தவிர எதையும் நம்ப வேண்டாம்.

மதியம் தண்ணீர்க்காரர் வந்தார். இப்போது வீடுவீடாகப் பார்சல் கொடுக்கிறார். அவள் மேசையில் விட்டுவந்த டம்ளரையும் சால்வையையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்றபடியே, "அவங்க மட்டும் எழுதிக் குடுக்கலேன்னா எங்க எல்லாரையும் சந்தேகப்பட்டிருப்பாங்க சார்" என்றார். என்ன எழுதிக் கொடுத்தாள் என்று கேட்டேன். நாற்பத்தொரு பாராட்டுக்கும் செலவான எண்கள் அவளுடைய தாளில் இருந்தவை. "நான்தான் போட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இனி எந்தக் கேம் கம்பெனியும் அவளை எடுக்காது என்று அவர்தான் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

ஐம்பதில் ஒன்பது போனால் நாற்பத்தொன்று மச்சான். நான்தான் எழுதினேன். பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து நினைவுக்கு வந்த பெயர்களை எல்லாம் போட்டேன். ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையனுக்கெல்லாம் நடத்தை நன்று என்று எழுதிக் கொடுத்தவன், ஒருவனும் அதனால் கெட்டுப்போனதில்லை. என் பெண் செய்த கதவுக்கு எழுதினால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் அறைக்குப் போய், "உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "படிச்சதுமே தெரிஞ்சுதுப்பா. கேமுக்கு நடத்தை நன்றுன்னு வேற யாரு எழுதுவா?" போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அது இல்லேன்னாலும் மூடித்தான் இருப்பாங்க. யாருமே வாங்கலையே" என்றாள். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் கடையில் வேலை வேண்டாம். அவள் எங்கே போனாலும் ஒரு நற்சான்று கேட்பார்கள். கம்பெனி கொடுக்காது, நான் எழுதினால் செல்லாது. அதனால் வாசகத்தை மட்டும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், மூன்றே வரி, கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் நான் அனுப்பிய எண்ணைத் தேடி எடுங்கள், எண் வைத்திருப்பவர்களுக்கு விளையாட்டு இன்னமும் திறக்கிறதாம். நாலாவது மாடிக்குப் போய் ஒரே ஒரு கதவைத் திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு, மனத்துக்குச் சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.