ஐம்பது நிமிடப் பயணம்

விமானம் கிளம்பி ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியும் தரை கண்ணில் படவில்லை. டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் ஓடியது.

"என்ன மாப்பிள்ளை, வாட்ச்சையே பாக்கறீங்க?" என்றார் பக்கத்து இருக்கையில் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை. இதோ வந்துடும்."

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் நேரம் குறித்த கை அவருடையது. டிக்கெட்டில் புறப்பாடு 9.10, சேர்வது 10.00 என்று இருந்ததைக் கண்ட மாத்திரத்தில் கழித்து, ஐம்பது நிமிடம் என்று கணக்குப் போட்டுவிட்டார். இளைய மகளின் பிரசவத்துக்குப் போயே ஆகவேண்டும், ஆனால் விமானமென்றாலே உதறல் என்ற அத்தையிடம், "ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், அம்பதே நிமிஷம். நான் கேரண்டி!" என்று மார்தட்டியிருந்தார்.

எதிரே இருந்த சின்னத் திரையில் இப்போது ஏதோ ஓடியது. மீதித் தூரம் 1,800 கிலோமீட்டர். சேரும் ஊரில் மணி 7.35. அவர் கைக்கடிகாரத்திலோ 10.05.

அவருக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. டிக்கெட்டிலிருந்த பத்து மணி அந்த ஊர்க் கடிகாரத்துப் பத்து மணி! இன்னும் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் இருக்கிறது. இது தெரிந்தால் அத்தையின் நெஞ்சு தாங்குமா? தாங்கினாலும், இனி எந்த முகத்தோடு அவர் வீட்டு வாசலை மிதிப்பது?

"இறங்க இடம் காலியா இல்ல அத்தை. நம்ம பஸ் ஸ்டாண்ட் மாதிரிதான். முன்னாடி நிக்கறவன் எடுக்கணும்."

"அதுவரைக்கும் சுத்திட்டே இருப்பாங்களா?"

"ஆமா. பெட்ரோல் கம்மியா இருக்கு போல, அதான் மெதுவா ஓட்டறார்."

முன்னிருக்கைத் தலை ஒன்று வெடுக்கென்று திரும்பியது. "என்னது, பெட்ரோல் இல்லையா?"

அடுத்த நிமிடம் நாலு வரிசை எழுந்து நின்றது. யாரோ விசும்பினார்கள். பணிப்பெண் ஓடி வந்தாள்.

"யார் சார் பெட்ரோல் இல்லைன்னு சொன்னது?"

அத்தனை விரலும் டைம்கீப்பரை நோக்கி நீண்டது. பேருந்தாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் குதித்து ஓடியிருப்பார். இங்கே கூனிக் குறுகி உட்காரத்தான் முடிந்தது. காது மடல் வரை வெட்கம் எரிந்தது.

"நான்தாம்மா. கணக்கைத் தப்பாப் போட்டுட்டு, அதை மறைக்கப் பொய் சொன்னேன். ரெண்டு ஊருக்கும் மணி வேறன்னு புத்தியில படல." கும்பிட்டபடி மாமியார் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க அத்தை. இது மூணு மணி இருபது நிமிஷப் பயணம். பயந்துடாதீங்க."

மாமியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டைம்கீப்பர் கைக்குட்டையை நீட்டினார்.

பணிப்பெண் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள்: "அம்மாவுக்கு எவ்வளவு நேரமாகும்னு முன்னாடியே தெரியும் சார். 'மாப்பிள்ளைக்கு விமானம்னா உயிர்ப் பயம், அம்பது நிமிஷம்னு நம்பித்தான் ஏறியிருக்கார், இறங்கற வரைக்கும் யாரும் திருத்திடாதீங்க'ன்னு ஏறும்போதே எங்ககிட்ட சொல்லிட்டாங்க."